மரம் தெரிகிறது, வாய்க்கால் தெரிவதில்லை: இயற்கைக் குடியிருப்புகள் எப்படி இயங்குகின்றன, எங்கே பழுதாகின்றன

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு வடக்கே சுமார் 45 கி.மீ. தொலைவில், பைன் காட்டுக்குள் இருக்கும் ஊர் தி வுட்லண்ட்ஸ். மழைநீரின் போக்கைப் பார்த்து மனை பிரித்த ஊர் என்று நகரமைப்பு மாணவர்களுக்கு அரை நூற்றாண்டாகப் பாடமாக இருப்பது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் கொட்டியபோது, அதே ஊரின் தெற்கே ஸ்பிரிங் கிரீக் ஓடையை ஒட்டிய கிரீக்சைடு பார்க் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

அப்படியானால் ‘இயற்கையோடு இணைந்த திட்டமிடல்’ என்பது வெறும் விற்பனைப் பேச்சா? இல்லை. ஆனால் அந்தப் பேச்சில் எது வேலை செய்கிற பாகம், எது அலங்காரம் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வாங்குபவர் கண்ணில் படுவது மரம். ஊரைக் காப்பாற்றுவது மரத்தடியில் ஓடும், பார்க்க அவ்வளவு அழகில்லாத ஒரு பள்ளம்.

அடிப்படைக் கணக்கு: ஒரு ஏக்கர், 25 மி.மீ. மழை

ஒரு ஏக்கர் நிலத்தில் 25 மி.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 1 லட்சம் லிட்டர். நம் ஊர் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் எட்டு லோடுக்கு மேல். காடாக இருந்தால் இலை, சருகு, மண் எல்லாம் சேர்ந்து இதில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். கூரையும் தாரும் கான்கிரீட்டும் ஆகிவிட்டால் கிட்டத்தட்ட முழுவதும் உடனே ஓடிவரும்.

வழக்கமான லேஅவுட்டில் இதற்குத் தரும் தீர்வு சாலையோரக் கட்டுக்கல்லும் நிலத்தடிக் குழாயும். தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வெளியே தள்ளுவது. இதில் அந்த லேஅவுட் தப்பிக்கும். எல்லாத் தண்ணீரும் ஒரே நேரத்தில் ஓடைக்குப் போய்ச் சேர்வதால் கீழே இருப்பவன் மூழ்குவான்.

மாற்று வழிக்கு இரண்டு அடுக்கு உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதுதான் பெரும்பாலான விவாதங்களில் நடக்கிறது.

1. அடிக்கடி வரும் சிறு மழை: விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறக்குவது. இது புல்வாய்க்கால், குட்டை, திறந்தவெளி ஆகியவற்றின் வேலை.

2. எப்போதோ வரும் பெருமழை: எந்த வாய்க்காலும் இதை உறிஞ்சாது. ஓடை பெருகினால் பரவுவதற்கு இடம் விட்டு, வீட்டைத் தள்ளிக் கட்டுவது ஒன்றே வழி.

கிரீக்சைடு பார்க்கில் தண்ணீர் புகுந்தது இரண்டாவது அடுக்கின் சிக்கல். முதல் அடுக்கு கைவிடப்பட்டது தனிக் கதை.

வுட்லண்ட்ஸ்: மண்ணைப் பார்த்து மனை பிரித்தது

எண்ணெய், எரிவாயுத் தொழிலதிபர் ஜார்ஜ் மிட்செல் தொடங்கிய ஊர் இது. 1974 அக்டோபரில் திறக்கப்பட்டது. புதிய ஊர்களை உருவாக்க 1970-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் 5 கோடி டாலர் கடனுக்கு அரசு உத்தரவாதம் கிடைத்தது. அந்தத் திட்டத்தில் கிளம்பிய 13 ஊர்களில் பெரும்பாலானவை பணச் சிக்கலில் சரிந்தன, இது நின்றது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,14,436.

சூழலியல் திட்டத்தை வகுத்தவர் நிலவமைப்பாளர் இயன் மெக்ஹார்க்கும் அவரது நிறுவனமும். சாலை வரைபடத்துக்கு முன்னால் அவர்கள் கையில் எடுத்தது மண் வரைபடம். அமெரிக்காவில் மண்ணைத் தண்ணீர் உறிஞ்சும் வேகத்தை வைத்து நான்கு பிரிவாகப் பிரிப்பார்கள். நன்றாக நனைந்த பிறகும் மண் தொடர்ந்து உறிஞ்சும் வேகம் இது:

ஏ பிரிவு, மணல் சார்ந்தது: மணிக்கு 7.6 மி.மீ.க்கு மேல்.
பி பிரிவு: 3.8 முதல் 7.6 மி.மீ. வரை.
சி பிரிவு: 1.3 முதல் 3.8 மி.மீ. வரை.
டி பிரிவு, களிமண்: 1.3 மி.மீ.க்குக் கீழே.

ஆறு மணி நேரத்தில் 25 மி.மீ. மழை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். ஏ பிரிவு மண் அந்த ஆறு மணி நேரத்தில் சுமார் 45 மி.மீ. குடிக்கும். தன் மேல் விழுந்த 25 போக இன்னும் 20 மி.மீ.க்கு இடம் இருக்கிறது. அதாவது 10 சதுர மீட்டர் மணல், பக்கத்தில் உள்ள 8 சதுர மீட்டர் கூரையின் தண்ணீரையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். டி பிரிவுக்கு மணிக்கு 1 மி.மீ. என்றால் ஆறு மணி நேரத்தில் வெறும் 6 மி.மீ. தன் மேல் விழுந்த மழையையே அதனால் குடிக்க முடியாது.

எங்கே கட்டுவது என்பதற்கு இதுவே விடை. எப்படியும் உறிஞ்சாத களிமண்ணில் வீடு, கடை, வாகன நிறுத்தம். நன்றாக உறிஞ்சும் மணலில் மரமும் வெற்றிடமும். சாதாரண புரமோட்டர் இதைத் தலைகீழாகச் செய்வார். மணல் நிலத்தில் அஸ்திவாரம் போடுவது சுலபம், வேலை சுத்தமாக நடக்கும். நல்ல மண்ணெல்லாம் முதலில் கான்கிரீட்டுக்கு அடியில் போய்விடும்.

மிட்செலை இணங்க வைத்தது பச்சைக் கனவு மட்டும் இல்லை. வழக்கமான குழாய் வடிகாலுக்கு 1 கோடியே 87 லட்சம் டாலர், இயற்கை வடிகாலுக்கு 42 லட்சம் டாலர் என்று அன்றைக்கு மதிப்பீடு வந்தது. மிச்சம் 1 கோடியே 45 லட்சம். இந்த எண்ணைப் பார்த்த பிறகு எந்த முதலாளிதான் ஓடையை நேசிக்க மாட்டார்?

1979-லும் 1994-லும் வந்த பெருமழைகளில் சுற்றுவட்டாரம் தத்தளித்தபோது இங்கே வீடுகளுக்குப் பெரிய சேதம் இல்லை.

புல்வாய்க்கால்: உள்ளே என்ன இருக்கிறது

புல்வாய்க்கால் என்றால் அகலமான, ஆழமில்லாத, புல் முளைத்த பள்ளம். சாக்கடையும் இல்லை, தோட்டமும் இல்லை. கரைச் சரிவு மூன்றுக்கு ஒன்றை (மூன்றடி அகலத்துக்கு ஓரடி உயரம்) விடச் செங்குத்தாக இருக்கக்கூடாது. இருந்தால் புல்வெட்டும் இயந்திரம் கவிழும், மண் சரியும். தரையின் ஓட்டச் சரிவு 100 மீட்டருக்கு 1 முதல் 2 மீட்டர். அதற்குக் குறைந்தால் தண்ணீர் நிற்கும், மிகுந்தால் அரிக்கும். சரிவு கூடுதலான இடத்தில் குறுக்கே கல்லோ மரக்கட்டையோ வைத்து ஒரு சாண் உயரத்தில் குட்டித் தடுப்பணை போடுவார்கள். ஏரிக்குக் கலங்கல் இருப்பதுபோல இதற்கும் மிகை நீர் வழிய ஒரு தாழ்ந்த வாய் வேண்டும். அது இல்லாவிட்டால் தண்ணீர் தடுப்பணையின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போய்க் கரையைத் தின்றுவிடும்.

தண்ணீரை எவ்வளவு ஆழம் நிறுத்தலாம்? இங்கே கொசு குறுக்கே வருகிறது. வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் 72 மணி நேரத்துக்குள் தண்ணீர் வற்ற வேண்டும் என்பது பரவலான விதி. பாதுகாப்பாக 48 என்று வைத்துக்கொள்வது நல்லது. மண்ணின் வேகத்தை 48-ஆல் பெருக்கினால் ஆழம் வந்துவிடும். ஏ பிரிவில் 36 செ.மீ. வரை நிறுத்தலாம். பி பிரிவில் மணிக்கு 5 மி.மீ. என்றால் 24 செ.மீ. சி பிரிவில் 2 மி.மீ. என்றால் 10 செ.மீ. களிமண்ணில் 5 செ.மீ. கூடத் தேறாது, அங்கே வாய்க்கால் தண்ணீரை உறிஞ்சுவதற்கில்லை, மெதுவாக நகர்த்துவதற்கு மட்டுமே.

மண்ணின் வேகத்தை வீட்டிலேயே அளக்கலாம்:

1. 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் குழி வெட்டுங்கள். மண்வெட்டி வழித்துப் பளபளப்பான பக்கங்களைச் சுரண்டிவிடுங்கள். அந்த மினுக்கு தண்ணீரைத் தடுக்கும்.

2. தண்ணீர் நிரப்பி முழுதும் இறங்க விடுங்கள். இந்த அளவைக் கணக்கில் எடுக்கக்கூடாது. காய்ந்த மண் முதல் தடவை ஆசையாகக் குடிக்கும்.

3. மறுபடி 20 செ.மீ. உயரத்துக்கு ஊற்றி, குச்சியில் கோடு போட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மூன்று மணி நேரமாவது குறித்துக்கொள்ளுங்கள்.

4. கிடைத்த எண்ணில் பாதியை மட்டும் நம்புங்கள். குழியில் தண்ணீர் அடியில் மட்டும் இறங்காமல் பக்கவாட்டிலும் கசிவதால் அளவு கூடுதலாகவே காட்டும்.

என்ன பழுதாகும்

முதலில் பழுதாவது வாய்க்கால் இல்லை, சாலைக்கும் வாய்க்காலுக்கும் இடையே உள்ள விளிம்பு. ஒவ்வொரு மழையிலும் சாலைத் தூசும் மணலும் வந்து அந்த விளிம்புப் புல்லில் தங்கும். புல் அதன் மேலேயே வளரும். சில ஆண்டுகளில் விளிம்பு சாலையை விட இரண்டு, மூன்று விரற்கடை உயர்ந்துவிடும். அப்புறம் தண்ணீர் வாய்க்காலுக்குள் இறங்காமல் தாரின் மேலேயே ஓடும். பார்ப்பவர் ‘வாய்க்கால் வேலை செய்யவில்லை, குழாய் போடுங்கள்’ என்பார். உண்மையில் அந்த விளிம்பை மண்வெட்டியால் சீவிவிட்டால் போதும்.

அடுத்தது வீட்டு நுழைவழிக்குக் கீழே போகும் குழாய். பைன் ஊசியிலை மிதந்து வந்து குழாய் வாயில் பாய்போல் ஒட்டிக்கொள்ளும். பின்னால் வண்டல் சேரும். பாதிக் குழாய் அடைத்தால் பாதிக்கும் குறைவான தண்ணீர்தான் போகும். மேல்வீட்டுக்காரர் முற்றத்தில் தண்ணீர் நிற்கும். அடைப்பு இருப்பதோ கீழ்வீட்டுக்காரர் வாசலில். சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

மற்றவை வேகமாக:

1. வாய்க்கால் ஓரத்தில் கார் நிறுத்துவது. சக்கரம் அமுக்கிய மண் ஒரு பிரிவு கீழே இறங்கி நடந்துகொள்ளும்.

2. புல்லை ஒட்ட வெட்டுவது. ஏழெட்டு செ.மீ. உயரமாவது இருந்தால்தான் வண்டலைப் பிடிக்கும்.

3. புல்தரைக்கு அள்ளிக் கொட்டும் உரம். அடுத்த மழையில் குட்டைக்குப் போய்ப் பாசியாகத் திரும்பி வரும்.

4. ‘அசிங்கமாக இருக்கிறது’ என்று மண் கொட்டி நிரவுவது. இது எல்லாவற்றையும் விட மோசம்; தொடரில் ஒரு வீட்டுக்காரர் செய்தாலே போதும்.

இந்த ‘அசிங்கம்’ என்ற எண்ணம்தான் வுட்லண்ட்ஸில் ஊர் அளவில் வேலை செய்தது. ஊரின் குடியிருப்புப் பகுதிகளை அங்கே ‘கிராமம்’ என்பார்கள். முதல் இரு கிராமங்களான குரோகன்ஸ் மில், பாந்தர் கிரீக் ஆகியவற்றில் திறந்த வாய்க்கால் முறை கடைப்பிடிக்கப்பட்டது. பின்னால் வந்த கிராமங்களில் அது படிப்படியாகக் கைவிடப்பட்டு, கட்டுக்கல்லும் குழாயும் வந்தன. வீடு வாங்க வந்தவர்களுக்கு ஓரம் வெட்டிய சுத்தமான சாலை பிடித்தது. புல் மண்டிய பள்ளம் பராமரிப்பில்லாத இடம்போலத் தோன்றியது. 1997-இல் மிட்செல், ஊரை உருவாக்கிய தன் நிறுவனத்தை விற்றார். மரங்களை மட்டும் யாரும் கைவிடவில்லை. இன்றும் கடைகள் மரத்திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், பெயர்ப்பலகைகள் தாழ்வாக இருக்கும். புதிதாக வருபவர் கடையைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவார். அழகு விதிகள் நின்றன, நீர் விதிகள் தளர்ந்தன.

டேவிஸ்: 70 ஏக்கரில் வேறொரு முடிவு

கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் வில்லேஜ் ஹோம்ஸ் என்ற குடியிருப்பு உண்டு. மைக்கேல் கார்பெட், ஜூடி கார்பெட் தம்பதி 1975-இல் கட்டத் தொடங்கினார்கள். 70 ஏக்கர், 225 வீடுகள், 20 அடுக்கக வீடுகள். இங்கேயும் அதே புல்வாய்க்கால், அதே குட்டித் தடுப்பணை. மிகை நீர் மட்டும் நகர வடிகாலுக்குப் போகும்.

நகர அதிகாரிகள் ஒப்பவில்லை. வாய்க்கால் தோற்றால் குழாய் போட்டுத் தர வேண்டும் என்று பிணைத்தொகை கேட்டார்கள். கார்பெட் தம்பதி அந்தத் தொகையைக் கட்டினார்கள். 1980-களின் தொடக்கத்துப் பெருமழையில் அந்த வாய்க்கால்கள் தாங்கின. குழாய் போடாததில் ஒரு மனைக்குச் சுமார் 800 டாலர் மிச்சமானது; அந்தப் பணம் மரம் நடவும் பொதுவெளி அமைக்கவும் போனது.

சாலைகளிலும் தகராறு. இங்கே சாலை அகலம் 25 அடிக்கும் குறைவு, எல்லாம் முட்டுச்சந்து. தீயணைப்பு வண்டி எப்படித் திரும்பும் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது, இருபுறமும் கொஞ்சம் வெற்றிடம் விட்டு விடை சொல்லப்பட்டது. ஆதாயம் சிறியது இல்லை. 36 அடிச் சாலையை 24 அடியாக்கினால் 100 மீட்டர் நீளத்துக்கு சுமார் 370 சதுர மீட்டர் தார் குறையும். 25 மி.மீ. மழைக்கு 9,000 லிட்டருக்கு மேல் ஓட்டம் குறையும். ஒடுங்கிய சாலையின் மேல் இரு பக்க மரங்களும் கை கோத்துக்கொள்வதால் கோடையில் தார் சுடுவதும் குறைவு.

வாய்க்கால் ஓடுவது வீட்டின் எந்தப் பக்கம் என்பதே நுட்பம். வில்லேஜ் ஹோம்ஸில் வேலி சாலைப் பக்கம் இருக்கிறது. வீடு மறுபக்கம் பொதுவெளியைப் பார்த்துத் திறக்கிறது. சுமார் எட்டு வீடுகளுக்கு ஒரு பொதுவெளி. அதன் நடுவே வாய்க்கால். காலையில் காபியோடு வெளியே வந்தால் அதைத்தான் பார்ப்பார்கள். அடைத்தால் உடனே தெரியும், எட்டு வீட்டில் யாராவது ஒருவர் எடுத்துவிடுவார். வுட்லண்ட்ஸில் அதே பள்ளம் சாலையோரம் கிடந்தது. காரில் கடப்பவருக்கு அது யாருடையதோ.

இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான்: வாய்க்காலைக் காப்பது சட்டத்தை விட, அது யார் கண் முன்னால் ஓடுகிறது என்பது. அளவும் துணைசெய்தது. 225 வீட்டில் பேசித் தீர்க்கலாம். ஒரு லட்சம் பேரிடம் முடியாது.

பொதுவெளியில் பழ மரங்கள், பாதாம், திராட்சை எல்லாம் உண்டு. கேட்க இனிமை, ஆனால் உதிர்ந்த பழத்தை எடுக்க ஆளில்லாவிட்டால் எலியும் குளவியும் வரும். எந்த மரத்துப் பழம் யாருக்கு என்பதற்கும் விதி வேண்டியிருக்கிறது.

வெயிலைப் பயன்படுத்தும் வீடு, காப்பியடிக்கக் கூடாத பாடம்

வில்லேஜ் ஹோம்ஸ் வீடுகள் தெற்கே பார்த்தவை. டேவிஸ் வட அட்சம் 38.5 பாகையில் இருக்கிறது. அங்கே கோடை உச்சத்தில் நண்பகல் சூரியன் 75 பாகை உயரத்தில்; குளிர்கால உச்சத்தில் 28 பாகை. ஜன்னலுக்கு மேல் 60 செ.மீ. நீட்டிய தாழ்வாரம் கோடையில் சுமார் 2.2 மீட்டர் கீழ் வரை நிழல் தரும். குளிர்காலத்தில் 30 செ.மீ. மட்டுமே. கோடையில் கண்ணாடி முழுக்க நிழல், குளிரில் முழுக்க வெயில். எந்த மின்சாரமும் இல்லாமல்.

இதை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்து ‘தெற்கு பார்த்த சோலார் வில்லா’ என்று விற்பதில் பொருள் இல்லை. சென்னையில் ஜூன் நண்பகலில் சூரியன் உச்சிக்கும் வடக்கே நிற்கிறது. நமக்குத் தடுக்க வேண்டிய வெயில் கிழக்கிலும் மேற்கிலும்; பிடித்து வைக்கக் குளிர்காலமும் கிடையாது.

யார் பொறுப்பு: பத்திரத்தில் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் இத்தகைய குடியிருப்பில் வீடு வாங்கினால் கிரயத்தோடு ஒரு கட்டுப்பாட்டுப் பத்திரமும் சேர்ந்து வரும். மரம் வெட்டுவது, வேலி, வண்ணம், புல்தரை எல்லாம் அதில் அடங்கும். வீட்டை விற்றாலும் அது நிலத்தோடு போகும். படிக்கும்போது கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேட வேண்டியவை:

1. வாய்க்கால் ஓடும் நிலம் யார் பெயரில்? பொதுச் சொத்தா, அல்லது உங்கள் மனைக்குள் குடியிருப்போர் சங்கத்துக்கு வழியுரிமை மட்டுமா? இரண்டாவது என்றால் அடைப்பெடுப்பது பெரும்பாலும் உங்கள் தலையில்.

2. மண் கொட்டவும் நுழைவழி விரிவாக்கவும் தடை இருக்கிறதா? மரம் வெட்டத் தடை இருந்து இதற்குத் தடை இல்லையென்றால், அந்த ஊர் அலங்காரத்தைத்தான் காக்கிறது.

3. சந்தாவில் வண்டல் அகற்றத் தனிச் சேமநிதி உண்டா? குட்டையைத் தூர்வாருவது ஆண்டுச் செலவு இல்லை. பத்து, இருபது ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக வரும். சேர்த்து வைக்காத சங்கம் அன்றைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடும்.

4. புகார் யாரிடம்? வுட்லண்ட்ஸில் மாநகராட்சி கிடையாது. பூங்கா, விதிகள் போன்றவை டவுன்ஷிப்பிடம், சாலை கவுண்டியிடம் (நம் மாவட்ட நிர்வாகம் போன்றது), குடிநீர், கழிவுநீர் தனி நீர் மாவட்டங்களிடம். நகரமாக மாறலாமா என்று 2021 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் வேண்டாம் என்றார்கள்.

மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் எங்கே போகிறது

மழைநீரை இறக்கிவிட்டால் ஆழ்துளைக் கிணறு நிறையும் என்று நினைப்பது இயல்பு. மெக்ஹார்க் திட்டமும் நிலத்தடி நீரைப் பெருக்குவதை ஒரு நோக்கமாக வைத்திருந்தது. நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி ஹூஸ்டன் வட்டாரத்தில் நிலமே தாழ்ந்துகொண்டிருந்த காலம் அது. ஆனால் அந்த வட்டாரத்தில் மணல் அடுக்குகளுக்கு இடையே களிமண் அடுக்குகள் மாறி மாறிக் கிடக்கின்றன. புல்வாய்க்காலில் இறங்கும் நீர் மேல் மணலை ஈரமாக்கும், மரத்துக்கு உதவும், ஓடைக்கு மெதுவாகக் கசியும். நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் நகரம் உறிஞ்சும் அடுக்குக்கு அது நேராகப் போய்ச் சேர்வதில்லை. அந்த ஆழத்தில் நீரழுத்தம் குறைந்து களிமண் ஒரு முறை இறுகிவிட்டால், பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் பழைய கனத்துக்கு வராது. நிலம் தாழ்ந்தது தாழ்ந்ததுதான். தாழ்ந்த நிலத்தில் வடிகாலின் சரிவும் மாறுகிறது, பழைய வெள்ள வரைபடமும் பொய்யாகிறது.

2015-இல் கான்ரோ ஏரியின் தண்ணீரைச் சுத்திகரித்து வுட்லண்ட்ஸுக்குக் குழாயில் கொண்டுவந்தது இதற்காகத்தான். ஏரித் தண்ணீருக்குச் செலவு கூடுதல் என்பதால், எவ்வளவு உறிஞ்சலாம் என்ற வரம்பைப் பற்றி அந்தக் கவுண்டியில் அதற்குப் பிறகும் வழக்கும் வாதமும் ஓயவில்லை. அந்த விலையேறிய தண்ணீரில் பெரும்பங்கு கோடையில் போகும் இடம், வாய்க்காலை விட்டுவிட்டு வளர்த்த அதே புல்தரைதான்.